எழுபத்தெட்டை எப்படிப் பிரிப்பது

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் பாதிப் பேரின் மதிப்பெண் தெரியும். எனக்கும் தெரியும். பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங், போலீஸ் தேர்வு, எதுவானாலும் ரிசல்ட் அன்று என் கம்ப்யூட்டர் முன்னால்தான் கூட்டம் நிற்கும். பாஸானால் மிட்டாய் கொடுப்பார்கள். ஃபெயிலானால் என் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ரிசல்ட் வந்த பிறகும் பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் ஒருத்தி என் கடையிலேயே பழியாய்க் கிடந்தது ஒரே ஒரு முறைதான். அவள் பெயர் ஸ்வர்ணலதா. முள்ளிப்பட்டில் பட்டுத் தறி வைத்திருக்கிறாள்.

முதல் தடவை ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்தாள். நான் மூடியைத் தூக்கி அட்டையை வைத்தேன். வெளிச்சம் ஒரு முறை ஓடியது. தாள் வந்தது. காசை வாங்க நான் கையை நீட்டினால், அவள் தாளைப் பார்க்காமல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிடியாக்கா, இது எழுத்தப் படிக்குதா, இல்ல கறுப்பு எங்க இருக்குதுனு மட்டும் பாக்குதா?"

கடைப் பெயர்ப்பலகையில் இருந்து என் பெயரைப் படித்திருக்கிறாள். அக்கா என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. மிஷினுக்குப் படிக்கத் தெரிந்தால் உன் அட்டையில் இருக்கும் போட்டோவைப் பார்த்துச் சிரித்திருக்கும், இடத்தைக் காலி பண்ணு என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இருபது வருடமாக அந்த மிஷினைத் துடைக்கிறேன், அது படிக்கிறதா பார்க்கிறதா என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

அவள் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி இருக்கும். பதில் கிடைக்கும் வரை நம்மை விடமாட்டாள். அவள் பிறந்த ஊர் போளூர். அப்பா சந்தையில் மணிலாக் கொட்டை, அதுதான் வேர்க்கடலை, வியாபாரம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு வருடம் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு முள்ளிப்பட்டு தனக்கோடிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தறி என்பதையே அவள் கல்யாணத்துக்குப் பிறகுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

தனக்கோடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவனே சொல்லமாட்டான். ப்ளஸ் டூ வரை படித்தவன். அப்பாவுக்குப் பிறகு தறியில் உட்கார்ந்தான். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் சும்மா இருப்பான். அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் ஸ்வர்ணலதா அதற்குள் பதில் சொல்லி முடித்திருப்பாள்.

அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓடவேண்டும். அதனால் தறிக்கு நேரே தனக்கோடி, பக்கத்தில் கரை ஓரமாக ஸ்வர்ணலதா. அவன் ஒன்றைத் தள்ளினால் இவள் ஒன்றைத் தள்ளுவாள். இதில் ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பட்டும் சரிகையும் டிசைன் அட்டையும் ஆரணியில் இருக்கும் சக்கரவர்த்தி முதலாளி கொடுப்பார். நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் தறிக்கு இவ்வளவு என்று கூலி. ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது.

அந்த டிசைன் அட்டைதான் அவளுக்குப் பிரச்சினை. அட்டையில் என்ன ஓட்டை போட்டிருக்கிறதோ அதுதான் புடவையில் வரும். ஒரு தடவை முதலாளியிடம் போய், கரையில் வருகிற மயில் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதே, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி திருப்பினால் என்ன என்று கேட்டாள். மயில் எந்தப் பக்கம் பார்க்கணும் என்பதை வாங்குகிறவன் சொல்லணும், நீ சொல்லக்கூடாது என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. அட்டை அடிக்க ஆகும் செலவு அவருடையது. ஆனால் ஸ்வர்ணலதாவுக்கு அது மனசிலேயே கிடந்தது. அவள் தலைக்குள் ஒரு டிசைன் இருந்தது. போளூர் பக்கத்தில் இருக்கும் திருமலைக்குப் போனபோது சமணர் குகையின் கூரையில் பாதி அழிந்த வட்டங்களைப் பார்த்திருக்கிறாள். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாதாம். அதைத் தன் கையால் ஒரு கரையில் கொண்டுவரவேண்டும். இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும், யாராவது கேட்டுவிட்டால் பறித்துக்கொள்வார்கள் என்பது போல.

போன வருடம் வேலூரில் இருந்து ஒரு அறக்கட்டளைக்காரர்கள் நோட்டீஸ் போட்டார்கள். நெசவாளர்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடப் பயிற்சி. முடித்தவர்களின் தறியில் அட்டையே வேண்டாத புது ஜக்கார்டு பெட்டியை இலவசமாகப் பொருத்திக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் என்ன வரைகிறோமோ அது தறியில் ஓடும். மயிலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். பயிற்சிக்கு ஜோடியாகத்தான் சேரமுடியும், ஏனென்றால் தறி ஜோடியாகத்தான் ஓடும். சேருவதற்கு ஒரு தேர்வு.

விண்ணப்பத்தை என் கடையில்தான் போட்டார்கள். தேர்வு விதியை நான்தான் படித்துக் காட்டினேன். ஆளுக்கு ஐம்பது மதிப்பெண், ஐம்பது கேள்வி. ஜோடியின் மொத்தம் எழுபதாவது வரவேண்டும். அதோடு ஒவ்வொருவரும் தனியாக முப்பதாவது எடுக்கவேண்டும். ஒருவர் முப்பதுக்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஜோடி ஃபெயில்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையை விட்டுவிட்டு நான் கடையைத் திறக்கமாட்டேன் என்று தெரிந்தும் ஹால் டிக்கெட்டை அன்றைக்குக் காலையில் பிரிண்ட் எடுக்க வந்து நின்றாள். திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் இரண்டு பேரும் மொபெட்டில் திரும்பியபோது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. எல்லாம் போட்டுவிட்டேன் என்றாள். தனக்கோடியிடம், உனக்கு எப்படிப்பா என்றேன். "எழுதிகீறேன்" என்றான்.

ரிசல்ட் வந்தது. வந்ததா என்று கேட்டால் பாதிதான் வந்தது. அறக்கட்டளைக்காரர்கள் முதலில் ஜோடிகளின் மொத்தத்தை மட்டும் போட்டார்கள். தனித்தனி மதிப்பெண் சரிபார்ப்புக்குப் பிறகு என்று கீழே ஒரு வரி. பாதிச் சோற்றைப் போட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொள் என்பது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவு எண்ணை அடித்துப் பார்த்தேன். மொத்தம் எழுபத்தெட்டு.

"எழுபதுக்கு மேல இருக்குதே. பாஸ்தானக்கா?" என்றாள் ஸ்வர்ணலதா.

"மொத்தத்துல பாஸ். தனியா முப்பது முப்பது வந்திருக்கணுமே. அது இன்னும் போடல."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களை நான் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பேன். அதில் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

"எத்தினி வந்திருந்தா தனி மார்க்கப் பாக்காமயே பாஸுனு சொல்லிடலாம்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, தாளிடம்தான் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள். "ஒருத்தருக்கு அம்பதுக்கு மேல வராது. அப்போ மொத்தம் எம்பது வந்திருந்தா, ஒருத்தரு அம்பதையும் வாரிக்கினு போயிருந்தாலும் மத்தவருக்கு முப்பது மிச்சம் இருக்கும். எம்பது வந்திருந்தா யாரையும் கேக்க வேணாம்க்கா. எங்களுக்கு ரெண்டு கம்மி."

எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பிடித்துப்போயிற்று. எழுபதுக்குக் கீழே வந்தவர்கள் அழுதுவிட்டுத் தூங்கலாம். எண்பதும் அதற்கு மேலும் வந்தவர்கள் சிரித்துவிட்டுத் தூங்கலாம். நடுவில் மாட்டிய பத்து எண்களுக்குத்தான் தூக்கம் இல்லை. இவர்கள் அந்தப் பத்துக்குள், கரையேற இரண்டே அடி பாக்கி இருக்கும் இடத்தில் நின்றார்கள்.

அவள் எழுபத்தெட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். முப்பத்தொன்பதும் முப்பத்தொன்பதும். நாற்பதும் முப்பத்தெட்டும். அப்படியே இறங்கி ஐம்பதும் இருபத்தெட்டும் வரை. மொத்தம் பன்னிரண்டு வழி. அதில் கடைசி இரண்டில்தான் ஒருவர் முப்பதுக்குக் கீழே போகிறார். மற்ற பத்து வழியும் பாஸ்.

"பன்னெண்டுல பத்துக்கா" என்று எழுந்து நின்று சொன்னாள். பக்கத்து டீக்கடை பழனி எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு தடவை விளக்கினாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விளக்கினாள். அவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஆரணியில் அன்று மாலை எழுபத்தெட்டைப் பிரிக்காத ஆள் அந்த டீக்கடையில் இல்லை.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "சரி லதா, உனக்கு எத்தனை வரும்னு நீ நினைக்கிற?"

"அம்பதும் வரணும்க்கா. எல்லாம் சரியாத்தான் போட்டேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. அவளுக்கு ஐம்பது என்றால் தனக்கோடிக்கு இருபத்தெட்டு. ஃபெயில். பத்து வழியும் ஒரே நொடியில் மூடிக்கொண்டன.

தனக்கோடி வெளியே மொபெட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ எனக்கு ரெண்டு தப்பு வந்திருக்கணும்" என்றாள் அவள் மெதுவாக. "ரெண்டே ரெண்டு. அப்போ அவருக்கு முப்பது ஆயிடும்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் கடையில் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. எல்லோரும் தனக்குச் சரியாக வந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இவள் தனக்குத் தப்பு வந்திருக்கவேண்டும் என்று தேட ஆரம்பித்தாள். தேர்வுத் தாளை அங்கேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அதனால் ஞாபகத்தில் இருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கொண்டுவருவாள். நூல் கொண்டுபோக, சரிகை வாங்க என்று ஆரணிக்கு வரும்போதெல்லாம் என் கடையில் ஒரு கேள்வி இறங்கும்.

"ஆரணி எந்த ஆத்துக் கரையிலனு கேட்டான். கமண்டல நாகநதினு போட்டேன். தப்புதானக்கா?"

"சரிதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வேற எதுனா இருக்கும்."

"அடியே, ஆத்தைத் தாண்டித்தானே வந்திருக்கே. வேற எது இருக்கும்?"

முகம் தொங்கிவிடும். சரியான பதிலுக்கு இப்படித் துக்கம் கொண்டாடியவளை நான் கண்டதில்லை. ஒரு நாள் ஓடிவந்தாள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்விக்கு இரண்டு புள்ளி நாலு ஐந்து என்று போட்டிருக்கிறாள். சரியான விடை இரண்டு புள்ளி ஐந்து நாலு இல்லையா என்றாள். கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினேன். ஐந்து நாலுதான். அவள் பதில் தப்பு. கையைத் தட்டிவிட்டுப் பழனி கடையில் இருந்து எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தாள். ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்று போதும் என்றாள். நானும் தின்றேன். இனிப்பு இனிப்புதானே.

பழனிக்குத் தனக்கோடியைச் சீண்டாமல் இருக்கமுடியாது. "இன்னா தனக்கோடி, உன் பொண்டாட்டி உனக்காவ தப்பு தேடிகினு கீறா. நீ கொஞ்சம் ஒழுங்கா எழுதியிருந்தா அவளுக்கு இந்தப் பேஜார் இல்லல்ல?"

"தேடட்டும்" என்றான் தனக்கோடி. சிரித்த மாதிரியும் இருந்தது. எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. இந்தப் பெண் இவனுக்காக இப்படி அலைகிறாள், இவனுக்கு ஒரு ரோஷம் வேண்டாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் அவளிடமும் சொன்னேன்.

"அவரத் திட்டாதீங்க அக்கா" என்றாள். "படிப்ப விட்டு எத்தினி வருசம் ஆச்சு. அவரு வந்து உக்காந்து எழுதினதே பெருசு. அதுவும் எனக்காவத்தான் எழுதினாரு. இருபத்தெட்டே வந்திருந்தாலும் நா ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

அவள் அப்போதே அவனை மன்னித்துவிட்டிருந்தாள். ஊரறிய, டீக்கடை அறிய மன்னித்திருந்தாள்.

தனி மதிப்பெண் வந்த அன்று அவள் ஜல்தியாக வந்துவிட்டாள், நான் ஷட்டரைத் தூக்கும்போதே நின்றிருந்தாள். தனக்கோடி மொபெட்டை நிழலில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். பதிவு எண்ணை அடித்தேன். இரண்டு வரி வந்தது. நான் ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

தனக்கோடி நாற்பத்தொன்பது. ஸ்வர்ணலதா இருபத்தொன்பது.

"பேரு மாறிப்போச்சுக்கா" என்றாள் அவள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு நாள் எங்களில் ஒருவருக்காவது அது தோன்றியிருக்கவேண்டும். ஐம்பதும் இருபத்தெட்டும் என்று எழுதினோமே, இருபத்தெட்டு யாருடையது என்று அந்தத் தாளில் எங்கேயாவது எழுதியிருந்ததா? நாங்களாகவே அதைத் தனக்கோடி தலையில் கட்டினோம்.

அறக்கட்டளைக்குப் போன் போட்டேன். ரீனா என்று ஒரு மேடம் எடுத்தார். பொறுமையான குரல். பெயர் மாறவில்லை, கேள்வியோடு சேர்த்து விடைத்தாள் இணையதளத்திலேயே இருக்கிறது, திறந்து பாருங்கள், நான் லைனில் இருக்கிறேன் என்றார். திறந்தோம். அவள் கையெழுத்துதான். முதல் முப்பது கேள்வியில் ஒன்றுதான் தப்பு, அந்த அங்குலம். அதற்கடுத்த இருபதும் வரிசையாகத் தப்பு. ஒன்றுவிடாமல் தப்பு.

அந்த இருபதும் நெசவாளர் கணக்கு, அதில் தப்பே வராது என்று அவள் என்னிடம் கேட்காமலேயே விட்டவை. ஒரு நெசவாளர் ஒரு புடவையை எட்டு நாளில் முடிக்கிறார், ஐந்து நெசவாளர்கள் நாற்பது நாளில் எத்தனை புடவை முடிப்பார்கள் என்று ஒரு கேள்வி. எனக்கே தெரிகிறது, இருபத்தைந்து. இவள் 'எதுவும் இல்லை' என்ற கட்டத்தை நிரப்பி வைத்திருந்தாள்.

"ஏண்டி இப்படிப் போட்ட?"

"இன்னாக்கா, பத்து புடவைதான ஆவும்? பத்துனு ஒரு பதிலே அதுல இல்ல."

"பத்து எப்படி வரும்?"

"அஞ்சு பேருனா ரெண்டு தறி. அஞ்சாவது ஆளு சும்மாதான உக்காந்திருக்கணும்? அவரு கூட உக்கார ஆள் இல்லியே."

நான் சிரித்துவிட்டேன். அடக்கமுடியவில்லை. போனில் அந்த மேடமும் சிரித்தார். ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. இருபது கேள்வியிலும் நெசவாளர்களை இரண்டிரண்டு பேராகப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். தனியாக ஒருவர் மிஞ்சினால் அவரை எழுப்பி ஓரமாக உட்கார வைத்திருக்கிறாள். ஒற்றை ஆளாக ஒருவர் கோர்வைப் புடவை நெய்வதை அவள் பார்த்ததே இல்லை.

"நீங்க சொல்றது உங்க தறிக்குச் சரிங்க" என்றார் ரீனா மேடம். "ஆனா அந்தப் பகுதிக்கு மேல ஒரு வரி இருக்கு பாருங்க."

இருந்தது. கீழ்க்காணும் இருபது கேள்விகளிலும் ஒவ்வொருவரும் தனித்தனியே நெய்வதாகக் கொள்க. தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். அவசரத்தில் இவள் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். எதையும் விடாமல் கேள்வி கேட்கிறவள், தனக்குத் தெரிந்த விஷயம் என்றதும் கேள்வியையே படிக்கவில்லை. தப்பு அவர்கள்மேல் இல்லை.

இருபத்தொன்பது. ஒன்றே ஒன்று குறைவு. எந்த ஒன்று என்று எனக்கு உறைத்தபோது அவளுக்கும் உறைத்திருக்கவேண்டும். கடைக்கு வெளியே பழனி தட்டில் பாதுஷாவை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அன்று அந்த அங்குலத்துக்கு நாங்கள் எல்லோரும் கையைத் தட்டினோம்.

மேடம் ஒரு நல்ல வார்த்தையும் சொன்னார். பொங்கலுக்குப் பிறகு அடுத்த தேர்வு வருகிறது. ஜோடியில் யார் குறைவோ அவர் மட்டும் மறுபடி எழுதலாம். தனக்கோடியின் நாற்பத்தொன்பது அப்படியே நிற்கும். அவள் முப்பது எடுத்தால் போதும்.

அவள் எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். நான் போயிருக்கக்கூடாது, ஆனால் எனக்குத் தெரிந்தாகவேண்டியிருந்தது.

"உங்களுக்கு நாப்பத்தொம்பது" என்றாள் அவனிடம்.

தனக்கோடி தலையை ஆட்டினான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"தெரியுமா?"

"ம்."

"எப்போலருந்து?"

"எனக்கு எத்தினினு எழுதின அன்னிக்கே தெரியும். ஒண்ணுதான் எழுத நேரம் பத்தல. மத்ததெல்லாம் தறில உக்காந்துகினு மனசுல மறுபடி போட்டுப் பாத்துட்டேன். அக்கா எழுபத்தெட்டுனு சொன்னப்ப உனுக்கு எத்தினினு தெரிஞ்சிபோச்சு."

நாங்கள் எல்லோரும் டம்ளரை வைத்துவிட்டுப் பன்னிரண்டு வழி எழுதிக்கொண்டிருந்தபோது, அவனுக்கு ஒரு கழித்தல் கணக்குப் போதுமாக இருந்திருக்கிறது. மொபெட்டின் மேல் உட்கார்ந்து டீயைக் குடித்தபடியே அதை முடித்திருக்கிறான். முடித்துவிட்டு, பழனியின் கிண்டலையும் என் முறைப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். நான் அவனைப் பற்றி என்னென்ன சொன்னேன் என்பது எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"பத்து வழி இருக்குதுனு நா ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்" என்றாள் ஸ்வர்ணலதா. "உங்களுக்கு ஒரே வழிதான்னு தெரிஞ்சிருக்குது. ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா மார்க்கு மாறுமா?"

"மாறாது. அதுக்காவ? உங்களுக்கு இருபத்தெட்டுனு நா எல்லார்கிட்டயும் சொல்லும்போது கேட்டுகினு இருந்தீங்களே. எப்படி இருந்தீங்க?"

அவன் மொபெட்டின் கைப்பிடியைத் துடைத்தான். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

"நீ உனக்குத் தப்பு வரணும்னு வேண்டிகினு இருந்த" என்றான். "எனுக்காவ. அத வந்து எப்படி நிறுத்தறது, சொல்லு."

அவள் கண்ணில் இருந்தது கோபமா வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. மொபெட்டில் ஏறாமல் முள்ளிப்பட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டாள். அவன் வண்டியை ஸ்டார்ட் செய்து, பஸ் கிளம்பும் வரை காத்திருந்து, அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

ஒரு வாரம் அவள் வரவில்லை. இவ்வளவுதான் போல என்று நினைத்தேன். இனிமேல் யாரும் என் மிஷினைப் பார்த்துக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைத்தபோது, நிஜமாகவே எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மறுதேர்வுக்குப் பதிவு செய்யவேண்டும் என்றாள். செய்தேன். பழைய மாதிரித் தேர்வுத் தாள் ஏதாவது கிடைக்குமா என்றாள். அறக்கட்டளையின் தளத்தில் ஒன்று இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் வழக்கம்போல ஸ்டூலை இழுத்து உட்காரப் போனாள். நின்றாள். ஸ்டூலைத் தனக்கோடி பக்கம் தள்ளிவிட்டு, தாளை அவன் கையில் கொடுத்தாள்.

"இத எப்படிப் போடறதுனு நீங்க சொல்லுங்க" என்றாள். "நா கேட்டுகினு இருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் மிஷினைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டேன். அவன் உட்கார்ந்தான். முதலில் மேலே இருக்கிற வரியைப் படிக்கணும் என்று ஆரம்பித்தான். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, நடுவில் நின்றன, பிறகு வந்துகொண்டே இருந்தன. ஒரு நெசவாளர் என்றான், எட்டு நாள் என்றான், பென்சிலை வாங்கி ஓரத்தில் எழுதிக் காட்டினான். பழனி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்வர்ணலதா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறந்ததை இரண்டு தடவை நான் பார்த்தேன். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் பேசி முடிக்கும் வரை அவள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவனுக்கு இவ்வளவு பேச இருக்கிறது என்பது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.